பேனல் கத்துது, சார்

"சார், பேனல் கத்துது. எப்படி நிறுத்துறது?"

எனக்கு வரும் சர்வீஸ் அழைப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் ஆரம்பிக்கும். ஓ.எம்.ஆர். ஐ.டி. கட்டடமோ, தி.நகர் துணிக்கடையோ, மருத்துவமனையோ, கல்யாண மண்டபமோ, கேள்வி மட்டும் மாறாது. ஏன் கத்துகிறது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

பதிலுக்கு நான் கேட்பது ஒன்று: "எரியுறது சிவப்பு லைட்டா, மஞ்சளா?" சிவப்பு என்றால் என்னோடு பேசிக்கொண்டு நிற்கக் கூடாது. பேனல் காட்டும் தளத்துக்கு ஆள் ஓட வேண்டும், ஜனங்களை வெளியேற்ற வேண்டும், 101-க்குச் சொல்ல வேண்டும். மஞ்சள் என்றால் பேசலாம். "ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க" என்பேன். எதிர்முனையில் இருப்பவர் பெரும்பாலும் இரவுக் காவலாளி. ஊரில் விவசாயம் பார்த்துவிட்டு அறுபது வயதில் சென்னைக்கு வந்த பெரியவராக இருப்பார். இல்லையென்றால் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த பையன். பெரியவர் எழுத்துக்கூட்டுவார்: "ஜி... ஆர்... ஓ... யூ... என்... டி... அப்புறம் எஃப்... அடடா, மறைஞ்சிடுச்சு சார், வேற வந்துடுச்சு." அந்த ஆறு எழுத்து போதும். கிரவுண்ட் ஃபால்ட். "அங்க மழை பெய்யுதா ஐயா?" "ஆமா சார், சாயங்காலத்துலேருந்து. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தீ எச்சரிக்கை பேனல் மூன்று விதமான செய்திகளைச் சொல்லும். தீ என்றால் சிவப்பு. ஸ்பிரிங்ளர் குழாயின் வால்வை யாரோ மூடிவிட்டார்கள் என்பது போன்ற தகவல் சூப்பர்வைசரி. மூன்றாவது, பேனல் தன்னைப் பற்றியே சொல்வது: ஒயர் அறுந்திருக்கிறது, பேட்டரி செத்துவிட்டது, மூன்றாம் மாடி டிடெக்டர் கூப்பிட்டால் பதில் தரவில்லை. இதை அமெரிக்க பேனல்களில் ட்ரபிள் என்றும் ஐரோப்பிய பேனல்களில் ஃபால்ட் என்றும் போட்டிருக்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் எம்.டி. வரைக்கும் இறங்கி வந்து நிற்பார். மஞ்சளுக்கு ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்கூட வரமாட்டார்.

தன் ஒயர் அறுந்தது பேனலுக்கு எப்படித் தெரிகிறது என்பதை, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் ஒரு ரெசிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான் விளக்கினார். கன்வென்ஷனல் பேனலில் ஒவ்வொரு ஜோனுக்கும் இரண்டு ஒயர் போகும். அதில் வரிசையாக டிடெக்டர்கள். கடைசி டிடெக்டரில் ஒரு சின்ன ரெசிஸ்டர், 4.7 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 வோல்ட்டில் அதன் வழியாக ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் கரண்ட் ராப்பகலாக ஓடும். பேனல் கவனிப்பது அந்த 5 மில்லி ஆம்பியரைத்தான். புகை பட்டு டிடெக்டர் இயங்கினால் கரண்ட் ஏறும், அது தீ. ஒயர் அறுந்தால் கரண்ட் நின்றுவிடும், அது ஃபால்ட். "ஒண்ணுமே நடக்காதப்பவும் அது ஓடிக்கிட்டே இருக்கணும் தம்பி. அது நின்னாதான் நாம ஓடணும்" என்பார்.

அதே ரெசிஸ்டரை வைத்து ஒரு மோசடியும் நடக்கிறது. கட்டடத்தை ஒப்படைக்கும் நாள் நெருங்கும், மேல் மாடிகளில் ஒயரிங் முடிந்திருக்காது, பேனல் மஞ்சள் காட்டிக்கொண்டே இருக்கும். ரெசிஸ்டரை மேலே கொண்டுபோய் கடைசி டிடெக்டரில் போடாமல், பேனலுக்குள்ளேயே டெர்மினலில் முறுக்கிவிடுவார்கள். 5 மில்லி ஆம்பியர் ஓடும். வெளியே ஒயரே இல்லாவிட்டாலும் பேனல் பச்சை காட்டும். ஒரு மாணவர் விடுதியில் பேட்டரி மாற்றுவதற்காக பேனல் கதவைத் திறந்தபோது, பாதிக்கு மேற்பட்ட ஜோன்களில் ரெசிஸ்டர்கள் டெர்மினலிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அந்த மாடிகளில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மேனேஜரைக் கூட்டிவந்து காட்டினேன். "லைட் பச்சையாத்தானே சார் இருக்கு?" என்றார். புதுக் கட்டடம் எதுவானாலும் இப்போதெல்லாம் நான் விளக்குகளைப் பார்ப்பதற்கு முன் டெர்மினலைப் பார்க்கிறேன்.

மஞ்சள் விளக்கை அலட்சியப்படுத்துகிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபால்ட் இருக்கும்போதும் சிஸ்டம் பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். டிடெக்டர் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கொடுத்திருக்கும் அட்ரஸபிள் பேனலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் லூப் ஒயர் பேனலிலிருந்து கிளம்பி, எல்லா டிடெக்டரையும் தொட்டுவிட்டு, பேனலுக்கே திரும்பி வரும். ஓரிடத்தில் அறுந்தால் பேனல் இரண்டு முனைகளிலிருந்தும் பேசும். ஒரு டிடெக்டரும் தொலையாது. அதேபோல, ஒயரில் ஓரிடத்தில் தோல் உரிந்து கட்டடத்தின் இரும்பைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. கரண்ட் போனால் பேட்டரி இருக்கிறது. வடிவமைத்தவர்கள் எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் ஒரு அடியைத் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். அந்த ஒன்றைச் செலவு பண்ணியாகிவிட்டது, இனி கையிருப்பு இல்லை என்பதைத்தான் மஞ்சள் விளக்கு சொல்கிறது.

ஒரு ஹோட்டலில் 'லூப் ஓபன்' என்று மாதக்கணக்கில் காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விசிட்டிலும் ரிப்போர்ட்டில் எழுதினேன். "டெஸ்ட் பண்ணிக் காட்டினீங்களே, எல்லா ரூமும் வேலை செய்யுதே, சீசன் முடியட்டும்" என்றார் இன்ஜினீயர். அவர் சொன்னது பொய்யில்லை. பிறகு ஒரு தளத்தில் ஏசி டக்ட் மாற்ற வந்தவர்கள் கிரைண்டரை வைத்து இழுத்ததில் அதே லூப்பில் இரண்டாவது வெட்டு விழுந்தது. இரண்டு வெட்டுக்கும் நடுவில் இருந்த அறைகள் மொத்தமும் ஒரே நேரத்தில் 'நோ ரெஸ்பான்ஸ்'. ஸ்கிரீன் நிற்காமல் ஓடியது. அன்றைக்கு அந்தத் தளம் முழுக்க விருந்தினர்கள். தீப்பிடிக்கவில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டம்.

கிரவுண்ட் ஃபால்ட்டுக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் பொறுமையைச் சோதிப்பது இதுதான். பேனலின் 24 வோல்ட் சப்ளை பூமியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் எர்த்தைத் தொட்டுவிட்டால் மஞ்சள். மீட்டரை வைத்து பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒருமுறை, மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒருமுறை பார்ப்போம். எந்தப் பக்கம் பூஜ்யத்தை ஒட்டி வருகிறதோ அந்தப் பக்கம்தான் கசிகிறது. எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எந்த இடம் என்று தெரியாது. ஒவ்வொரு கேபிளாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது விளக்கு அணைகிறதோ அதை எடுத்துக்கொண்டு, அதன் பாதி தூரத்தில் பிரித்து, எந்தப் பாதி என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பாதியில் பாதி. அவசரக்காரர்கள் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரை எடுப்பார்கள். டிடெக்டர்களைக் கழற்றாமல் 500 வோல்ட் மெக்கரைக் கொடுத்தால் ஃபால்ட் கிடைக்கிறதோ இல்லையோ, லூப்பில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அனுபவத்தில் தெரியும்: மொட்டைமாடி ஹூட்டர், லிஃப்ட் மெஷின் ரூம், பேஸ்மென்ட் ராம்ப் ஓரத்தில் இருக்கும் மேனுவல் கால் பாயின்ட். கேபிளைப் பெட்டியின் மேல்பக்கமாக உள்ளே விட்டிருப்பார்கள், கிளாண்டை இறுக்கியிருக்க மாட்டார்கள். தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கிவிடும்.

மழையில்லாத கோடையில் ஒரு கிரவுண்ட் ஃபால்ட் என்னை அலைக்கழித்தது. ஓ.எம்.ஆரில் ஒரு அலுவலகம். நான் இரவில் போய்த் தேடுவேன், ஃபால்ட் இருக்காது. வீடு திரும்பி, தூங்கி எழுந்து பல் தேய்ப்பதற்குள் போன் வரும். மீட்டரை மூடிவைத்துவிட்டு பேனலின் ஹிஸ்டரியை உட்கார்ந்து படித்தேன். வார நாட்களில் பத்து மணிக்கு மேல் வருகிறது, இரவு போய்விடுகிறது. சனி, ஞாயிறு வருவதே இல்லை. ஆட்கள் வேலைக்கு வந்தால் வரும் ஃபால்ட் அது. ஆட்கள் வந்தால் என்ன ஓடும்? ஏசி. ஃபால்ஸ் சீலிங்கைத் திறந்து ஏசி டக்ட்டைத் தொடர்ந்து போனால், ஓரிடத்தில் இன்சுலேஷன் கிழிந்து, குளிர்ந்த தகரத்தில் வியர்த்த நீர் சொட்டுச் சொட்டாக எங்கள் ஜங்ஷன் பாக்ஸின் மேல் விழுந்துகொண்டிருந்தது. சரிசெய்ய ஆன நேரம் மிகக் குறைவு.

அதிலிருந்து எங்கள் பையன்களுக்கு ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறேன். பேனல் முன்னால் போய் நின்றதும் ரீசெட்டைத் தொடக் கூடாது. வந்துபோகும் ஃபால்ட் என்றால் ரீசெட் கொடுத்ததும் ஸ்கிரீன் சுத்தமாகிவிடும். வேலை முடிந்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். அன்று இரவே மீண்டும் வரும். முதலில் ஸ்கிரீனைப் போட்டோ எடு, ஹிஸ்டரியைப் படி, நேரத்தைக் குறித்துக்கொள். அதற்கடுத்து, பேனலோடு வேறென்ன கட்டிவைத்திருக்கிறார்கள் என்று கேள். சர்வர் ரூமில் தீயணைக்கும் கேஸ் சிலிண்டர் இருந்தால் அதைத் திறந்துவிடும் சோலினாய்டை முதலில் தனிமைப்படுத்து. லிஃப்ட் கீழே வந்து நிற்பது, ஏசியின் காற்று யூனிட் (ஏ.எச்.யு.) நிற்பது, கதவுப் பூட்டுகள் திறப்பது எல்லாம் அந்த ஒரே பேனலிலிருந்துதான். ஃபால்ட் தேடப்போய் விலை உயர்ந்த கேஸ் முழுவதையும் சர்வர் ரூமில் கொட்டிய கதைகள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு.

பேட்டரி பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி மஞ்சளைச் சொல்லாமல் விட்டதாகும். பேனலின் அடியில் 12 வோல்ட் சீல்டு லெட் ஆசிட் பேட்டரிகள் இரண்டு, ஒன்றோடொன்று வரிசையாக இணைத்து 24 வோல்ட். அமெரிக்காவின் தீ எச்சரிக்கை விதியான என்.எஃப்.பி.ஏ. 72-இன்படி, மின்சாரம் இல்லாமல் 24 மணி நேரம் காத்திருந்து, அதன் பிறகும் 5 நிமிடம் ஹூட்டர்களை அலறவிடும் தெம்பு அதற்கு இருக்க வேண்டும். அவ்வப்போது வரும் 'பேட்டரி லோ'வுக்கு மேனேஜர்கள் சொல்லும் பதில், "ரெண்டுல ஒண்ணை மட்டும் மாத்துங்க." புதிதும் பழையதும் சேர்ந்தால் பழையது புதியதையும் கெடுக்கும். வெறுமனே மீட்டரை வைத்து வோல்ட் பார்த்துவிட்டு நல்ல பேட்டரி என்று சொல்வதும் அந்த ரகம்தான். மெயின்ஸை நிறுத்தி, ஹூட்டரை ஓடவிட்டுப் பாருங்கள். கிழட்டு பேட்டரி 26 வோல்ட்டில் கம்பீரமாக ஆரம்பித்து, சற்று நேரத்தில் 20-க்குக் கீழே சரியும். இந்த வகை பேட்டரியின் ஆயுளை 25 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டுச் சொல்வார்கள். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். நம் ஊரில் பேனலை எங்கே வைக்கிறார்கள்? தகரக் கூரை போட்ட செக்யூரிட்டி கேபினில், மேற்கு வெயில் படும் சுவரில்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. முதல் நாள் 'ஏசி ஃபெயில்' அழைப்புகள் வந்து குவிந்தன. அடுத்தடுத்த நாட்களில் குறைந்துகொண்டே போயின. போன் டவர்கள் விழுந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஜெனரேட்டர் டீசல் தீர்ந்த கட்டடங்களில் பேட்டரியும் தீர்ந்து பேனலே அணைந்துவிட்டதுதான். செத்த பேனல் கத்தாது. கத்தாததைப் பற்றிக் காவலாளி எதற்குப் போன் செய்யப்போகிறார்?

மீதி மஞ்சள்களெல்லாம் மனிதர்கள் செய்வது. ஃபால்ஸ் சீலிங் ஆள் டிடெக்டரைத் திருகி எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். போகி அன்று ஊரே புகைந்தால் ஃப்ரெஷ் ஏர் டக்ட் வழியாக அது உள்ளே வந்து சிவப்பு எரியவைக்கும். அந்தக் கரி படிந்து பின்னால் 'டர்ட்டி டிடெக்டர்' என்று மஞ்சளும் எரியும். ஆயுதபூஜைக்கு சாம்பிராணி போட வேண்டும் என்று ஒரு தளத்தையே டிசேபிள் செய்யச் சொல்வார்கள். பூஜை முடிந்து பொரி, சுண்டல் கொடுக்க நினைவிருக்கும், திரும்ப எனேபிள் செய்ய இருக்காது. அப்படி மறந்துபோன தளத்தைப் பொங்கல் சமயத்து விசிட்டில் கண்டுபிடித்திருக்கிறேன். சரஸ்வதிமேல் எனக்கும் பக்தி உண்டு. அதனால் இப்போது யார் டிசேபிள் கேட்டாலும், மீண்டும் எப்போது போட வேண்டும் என்று நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறேன்.

பஸ்ஸரை அடக்க ஜனங்கள் கண்டுபிடித்திருக்கும் வழிகள் தனி. துளையில் எம்-சீல் அடைப்பது, பஞ்சு திணித்து டேப் ஒட்டுவது, ஒயரைக் கத்தரிப்பது. சைலன்ஸ் பட்டன் எதற்கு இருக்கிறது என்றால், வந்ததைப் பார்த்துவிட்டேன் என்று சொல்வதற்கு. பழுது தீரும்வரை மஞ்சள் அணையாது. அப்படி அடக்கப்பட்ட பஸ்ஸர்கூட 24 மணி நேரத்துக்குள் தானாக மறுபடி ஒலிக்க வேண்டும் என்று அதே என்.எஃப்.பி.ஏ. 72 சொல்கிறது. தினமும் ஒரே நேரத்துக்குக் கத்துகிறது, பேனல் கெட்டுவிட்டது என்று எனக்குப் புகார் வரும். கெட்டது பேனல் இல்லை.

ஆனாலும் காவலாளியைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 'எல்1டி047' என்று மட்டும் ஸ்கிரீனில் வந்தால் அவர் எங்கே ஓடுவார்? 2019 ஏப்ரல் 15-ம் தேதி மாலை பாரிஸில் நோத்ர்தாம் தேவாலயத்தின் பேனல் சரியான நேரத்தில்தான் எச்சரித்தது. வந்த செய்தியைப் புரிந்துகொள்வதில் நேர்ந்த குழப்பத்தில் காவலர் முதலில் போய்ப் பார்த்தது பக்கத்தில் இருக்கும் சின்னக் கட்டடத்தின் பரணை. எரிந்துகொண்டிருந்தது தேவாலயத்தின் கூரைப் பரண். சுமார் அரை மணி நேரம் போய்விட்டது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அந்தக் கதி. டிடெக்டர் ஒவ்வொன்றுக்கும் 'மூன்றாம் மாடி, பான்ட்ரி, லிஃப்ட் எதிரில்' என்று மனிதர்கள் புரிந்துகொள்ளும்படி பெயர் ஏற்றித் தருவது கமிஷனிங் செய்கிறவரின் வேலை. ஆனால் பில் பாஸான பிறகு அதற்கு யாரும் உட்காருவதில்லை. நான் பேனல் பக்கத்தில் தமிழிலும் இந்தியிலும் ஒரு தாள் ஒட்டிவைக்கிறேன்: சிவப்பு என்றால் என்ன செய்வது, மஞ்சள் என்றால் யாரைக் கூப்பிடுவது, எந்த நோட்டில் என்ன எழுதுவது. லேமினேஷன் செலவு என்னுடையது.

ஃபால்ட்டை அன்றே சரிசெய்ய முடியாமல் போவது உண்டு. கார்டு போயிருக்கும், உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கும். அப்போது செய்ய வேண்டியதை எந்த மேனேஜரும் விரும்புவதில்லை: டிடெக்டர் செய்யும் வேலையை ஆள் செய்ய வேண்டும். பேனலின் கண்ணிலிருந்து மறைந்துபோன தளங்களை ஒருவர் இரவெல்லாம் சுற்றிவந்து, ஒவ்வொரு சுற்றையும் நோட்டில் எழுத வேண்டும். சிஸ்டம் 24 மணி நேரத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் இப்படிக் காவல் போட வேண்டும், இல்லையேல் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது என்.எஃப்.பி.ஏ. 101-இன் விதி. இங்கே அதைச் சொன்னால், "நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன், பச்சை லைட் மட்டும் எரியுற மாதிரி பண்ணிக்கொடுங்க" என்று பதில் வரும். பண்ணிக்கொடுக்க ஆள் கிடைக்கும். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.

உங்கள் அலுவலகத்திலோ அடுக்ககத்திலோ செக்யூரிட்டி மேஜைக்குப் பின்னால் அந்த பேனல் இருக்கும். நாளைக்கு உள்ளே நுழையும்போது ஒரு பார்வை பாருங்கள். மஞ்சள் எரிந்தால், எத்தனை நாளாக எரிகிறது என்று காவலாளியிடம் கேளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் என்று சொன்னால் நிர்வாகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். வருடக்கணக்கில் நாங்கள் எழுதும் சர்வீஸ் ரிப்போர்ட்டுகளுக்கு அசையாதவர்கள், வாடகை கொடுப்பவரின் ஒரு வரி மெயிலுக்கு அன்றே போன் எடுப்பார்கள்.